ஸ்லைடு சிகாமணி

ப்ராஜெக்ட் ரிவ்யூ நாளன்று பொறியியல் கல்லூரியில் சிகாமணியைக் கண்டுபிடிப்பது கஷ்டமே இல்லை. செமஸ்டர் முழுக்கக் கசங்கிய சட்டையில் திரிந்தவன், அன்று மட்டும் இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையை இன் பண்ணிக்கொண்டு, ரூம்மேட்டின் ஷூவில் வந்து நிற்பான். பென் டிரைவில் இருப்பது போன வருட சீனியர் தந்த ஸ்லைடு. பெயரையும் பதிவு எண்ணையும் பொறுப்பாக மாற்றியிருப்பான். ஒவ்வொரு ஸ்லைடின் அடியிலும் பொடி எழுத்தில் இருக்கும் சீனியருடைய பேட்ச் வருடத்தை மட்டும் மறந்திருப்பான். ரிவ்யூவில் உட்காரும் எங்கள் கண்ணில் முதலில் படுவதே அந்த வருடம்தான்.

மணி மதியம் இரண்டரை ஆகியிருந்தாலும் 'குட் மார்னிங் டு ஆல்' என்றுதான் தொடங்குவான். பிறகு திரையைப் பார்த்துத் திரும்பிக்கொள்வான். இனி 'தேங்க் யூ' ஸ்லைடு வரை நமக்குக் கிடைப்பது அவன் முதுகு தரிசனம் மட்டும். எக்ஸிஸ்டிங் சிஸ்டம், ப்ரொபோஸ்டு சிஸ்டம், பிளாக் டயகிராம் என்று திரையில் உள்ளதை எழுத்து விடாமல் வாசிப்பான். முற்றுப்புள்ளிகள் மட்டும் கண்ணுக்குத் தெரியாது. ஒரு ஸ்லைடில் பதினாறு வரி. கடைசி பெஞ்சிலிருந்து பார்த்தால் எறும்பு ஊர்வலம். நாம் கண்ணால் படித்து முடித்துவிட்டு, அவன் வாய் அந்த வரிக்கு வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டும்.

"ஏம்பா, இந்த அல்காரிதத்தை எதுக்கு எடுத்துக்கிட்டே?" என்று எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் நடுவில் மறிப்பார்.

"அது நெக்ஸ்ட் ஸ்லைடுல வருது சார்."

நெக்ஸ்ட் ஸ்லைடில் வருவது ரெஃபரன்ஸ்.

சிகாமணிக்குப் பங்காளிகள் உண்டு. ஒருவன் அனிமேஷன் பிரியன். அவனுடைய தலைப்பு ஒவ்வோர் எழுத்தாகச் சுழன்று வந்து உட்காருவதற்குள் பாதிப் பேர் வாட்ஸப்புக்குப் போய்விடுவார்கள். இன்னொருவன் வெள்ளைப் பின்னணியில் மஞ்சள் எழுத்துப் போட்டவன். லேப்டாப்பில் தங்கமாக மின்னியது, கல்லூரியின் வயதான ப்ரொஜெக்டரில் காணாமலே போய்விடும். நால்வர் அணியாக வருகிறவர்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒருவன் வேலை செய்தவன், இரண்டாமவன் இன்ட்ரொடக்ஷன், மூன்றாமவன் லிட்டரேச்சர் சர்வே. நான்காமவனுக்கு ஆரோ கீயை அழுத்தும் பொறுப்பு. அதையும் ஒரு ஸ்லைடு முன்னாடியே அழுத்திவிடுவான்.

தமிழ்த் துறையில் நடப்பது வேறு கூத்து. வீட்டில் பாமினி எழுத்துருவில் ராத்திரியெல்லாம் தட்டச்சு செய்த ஸ்லைடு, அந்த எழுத்துரு இல்லாத செமினார் ஹால் கணினியில் திறக்கும்போது ஆங்கில எழுத்துக் குவியலாக வந்து நிற்கும். 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று காட்சி தரும். ஆனால் இந்த விபத்தில் ஒரு நன்மையும் உண்டு. வாசிக்க எதுவும் இல்லாததால் ஆள் வேறு வழியின்றி நம் பக்கம் திரும்பிப் பேசத் தொடங்குவார். விஷயம் உள்ளே இருந்தால் அன்றைக்கு அதுதான் நல்ல பேச்சு.

மாணவனை மட்டும் கேலி செய்தால் பாவம் சேரும். ஓவர்ஹெட் ப்ரொஜெக்டர் ஷீட் காலத்தில் நாங்கள் என்ன செய்தோம்? ஷீட்டின் மேல் வெள்ளைத்தாளை வைத்து மறைத்து, வரிவரியாகக் கீழே இழுத்துக் காட்டினோம். இன்றைய அனிமேஷன்காரனின் பாட்டன்மார் நாங்கள்தான். 1987-இல் மெக்கின்டாஷ் கணினிக்கு வந்த முதல் பவர்பாயின்ட்டே அப்படிப்பட்ட ஷீட்டுகளைக் கறுப்பு வெள்ளையில் தயாரிக்க உதவிய சாதனம்தான். அதை உருவாக்கிய கம்பெனியை மைக்ரோசாஃப்ட் அதே வருடம் 1.4 கோடி டாலருக்கு வாங்கியது. அந்தக் காசுக்குப் பேசவும் சேர்த்துச் சொல்லித் தந்திருக்கலாம்.

"ப்ராக்டிஸ் பண்ணினியா?" என்று கேட்டால் சிகாமணி கூசாமல் "பண்ணினேன் சார்" என்பான். பொய்யில்லை. விடியற்காலை மூன்று மணிக்குக் கட்டிலில் படுத்தபடி ஆரோ கீயைத் தட்டித் தட்டி மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறான். மனசுக்குள் எல்லாம் வழுக்கிக்கொண்டு போகும். வாயைத் திறந்தால்தான் 'ஹெட்டெரோஜீனியஸ்' தொண்டையில் சிக்குகிறது என்பது தெரியும். பத்து ஸ்லைடு, இருபது நிமிடம், எழுத்தளவு முப்பதுக்குக் குறையக்கூடாது என்று கை கவாசாகி என்பவர் சொன்ன விதியை அவனும் கேள்விப்பட்டவன்தான். பத்தைக் காப்பாற்றிவிட்டான், அதற்காக முப்பதைப் பன்னிரண்டாக்கிவிட்டான்.

இவனை ஒருமுறை 'பெச்சா குச்சா'வில் நிறுத்திப் பார்க்க எனக்கு ஆசை. 2003-இல் டோக்கியோவில் தொடங்கிய முறை அது. இருபது படம், ஒவ்வொன்றுக்கும் இருபது வினாடி, மொத்தம் ஆறு நிமிடம் நாற்பது வினாடி. படம் தானாகவே நகர்ந்துவிடும், யாருக்காகவும் நிற்காது. வீட்டில் உரக்கப் பேசிப் பார்க்காதவன் மூன்றாவது படத்திலேயே பின்தங்கி, முடியும்வரை துரத்திக்கொண்டே இருப்பான்.

பயிற்சி எடுத்தவர்கள் எப்படி இருப்பார்கள்? ஒரு பெண்ணைப் பார்த்தேன். மொத்தம் ஆறே ஸ்லைடு, பெரும்பாலும் படங்கள். ஹாஸ்டல் வராந்தாவில் போனில் ஸ்டாப்வாட்ச் போட்டு, சிவில் துறைத் தோழியை உட்கார வைத்துப் பேசிப் பார்த்திருக்கிறாள். அந்தத் தோழி "புரியலைடி" என்ற இடங்களிலெல்லாம் வாக்கியத்தை மாற்றியிருக்கிறாள். கம்ப்யூட்டர் துறை ப்ராஜெக்டுக்கு சிவில்காரியைவிட நல்ல நீதிபதி கிடைக்க மாட்டாள். ரிவ்யூவில் அவள் எங்களைப் பார்த்துப் பேசினாள்; தெரியாத கேள்விக்குத் தெரியாது என்றாள். எக்ஸ்டர்னல் தன் போனை மேசையில் கவிழ்த்து வைத்தார். ரிவ்யூ அறையில் அதைவிடப் பெரிய மார்க் கிடையாது.

துறைத் தலைவர்களுக்கு ஒரு வேண்டுகோள். செமினார் ஹால் சாவி ரிவ்யூ அன்று காலையில்தான் அட்டெண்டர் கைக்கு வருகிறது. முதல் நாள் சாயங்காலமே ஹாலைத் திறந்து, ப்ரொஜெக்டரையும் போட்டு விடுங்கள். மஞ்சள் எழுத்து தெரியவில்லை என்பதை யாரும் பார்க்காதபோது சிகாமணியின் பங்காளி கண்டுபிடித்துக்கொள்ளட்டும்.