ஊருக்கே சொன்ன மாப்ளே, பேங்குக்குச் சொன்னியா?

மாப்ளே, நீ குடும்பத்தோட அமெரிக்கா போனது இந்தச் சுத்துப்பட்டியில யாருக்குத் தெரியாதுங்கே? பஸ் ஸ்டாப்புல கூலிங்கிளாஸ் போட்ட உன் மூஞ்சியைப் ப்ளெக்ஸ் போர்டா வச்சு, ‘டல்லாஸ் செல்லும் எங்கள் தங்கமே’ன்னு எழுதி, அதுக்குக் கீழ போர்டுக்குக் காசு குடுத்தவன் அத்தனை பேரு போட்டோவும் போட்டாச்சு. குலதெய்வத்துக்குக் கிடா வெட்டியாச்சு. திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்கு ஒரு வேன் நிறைய ஆளு வந்து அழுதாச்சு. பால்காரன், கேபிள்காரன், ரேஷன் கடைக்காரன்னு ஒருத்தன் விடாமச் சொன்னே. முக்கியமாச் சொல்ல வேண்டிய ரெண்டு இடத்துலதான் சொல்லாமப் போயிட்டே. ஒண்ணு பேங்கு. இன்னொண்ணு வருமான வரி ஆபீசு. கோவிச்சுக்கிட்டா கெடுதி பண்ணக்கூடியவுக அந்த ரெண்டு பேருதாங்கிறது உனக்குத் தோணாமப் போச்சு பாரு.

பருத்திக்காட்டுக்காரன் வரிக் கணக்குப் பேசுதானேன்னு சிரிக்காத. எங்கப்பா இந்த ஊர்க் கர்ணம். 1980-ல எம்.ஜி.ஆர். கர்ணம், முன்சீப்பு வேலையை எல்லாம் ஒழிச்சப்ப, எங்க வீட்டுல மிஞ்சினது ஒரு மரப்பெட்டியும் அடங்கல் பாத்த கண்ணுந்தான். பெட்டியை என் தம்பி எடுத்துக்கிட்டான், கண்ணு எனக்கு வந்துட்டு. அப்பா பாத்தது பசலி வருசம். ஜூலை 1-ல பொறந்து ஜூன் 30-ல முடியும். வருமான வரிக்காரன் வருசம் ஏப்ரல் 1-ல பொறக்கும். நீ இப்பக் குடியிருக்கிற நாட்டுல அது ஜனவரி 1. இங்கத்த பேங்குக்காரன் வட்டிச் சீட்டை ஏப்ரல்-மார்ச்சுக்குக் குடுப்பான், அங்கத்த சர்க்கார் ஜனவரி-டிசம்பருக்குக் கேக்கும். நடுவுல வெட்டி ஒட்டுறது உன் பாடு.

முதல்ல நாள் கணக்கைத் தெரிஞ்சுக்கோ. வரிக்காரன் உன் பாஸ்போர்ட்டை மட்டும் பாத்து முடிவு பண்ண மாட்டான், நீ இங்க எத்தனை நாள் இருந்தேன்னு எண்ணுவான். ஏப்ரல் 1-லருந்து மார்ச் 31-க்குள்ள 182 நாள் இந்த நாட்டுல இருந்துட்டா நீ உள்ளூர்க்காரன். வேலைக்குன்னு கிளம்புற வருசத்துல அந்த 182-ஐத் தொடாமப் போயிட்டா வெளிநாட்டுவாசி. கிளம்புற நாளையும் சேத்து விரலை மடக்கிப் பாரு, செப்டம்பர் 28-ல ஏறினவனுக்கு 181 வரும்.

இதை எதுக்குச் சொல்லுதேன்னா, உன் சித்தப்பா மகன் ஒருத்தன் இருக்கானே, அவனுக்கு 2025-ல துபாய்க்கு ஆர்டர் வந்துது. செப்டம்பர் கடைசி வாரத்துல டிக்கெட். உங்க சின்னம்மை, ‘வண்டிக்குப் பூசை போடாமப் போவியால? ஆயுத பூசை முடிச்சுட்டுப் போ’ன்னுட்டா. அந்த வருசம் ஆயுத பூசை அக்டோபர் 1. பயலும் டிக்கெட்டை மாத்தி, புல்லட்டுக்குச் சந்தனம் வச்சு, மாலை போட்டு, தெருவுல பூசணிக்கா உடைச்சுட்டு, அக்டோபர் 3-ல ஏறினான். ஆச்சு 186 நாள். துபாயில சம்பளத்துக்கு வருமான வரி கிடையாது, வாஸ்தவம். ஆனா இங்க அவன் அந்த வருசத்துக்கு உள்ளூர்க்காரன் ஆயிட்டானே! அக்டோபர்லருந்து மார்ச் வரைக்கும் அங்க வாங்கின திர்ஹம் அம்புட்டும் இங்க கணக்குல ஏறிட்டு. உங்க வம்சத்துலயே இவ்வளவு விலை குடுத்துப் பூசணிக்கா உடைச்சவன் அவன் ஒருத்தன்தான். புல்லட்டு என்னவோ இன்னிக்கும் கொட்டாரத்துல தூசி படிஞ்சுதான் நிக்கு.

நீ ஜூலையிலயே போயிட்டே. அது உன் சாமர்த்தியம் இல்ல, விசாக்காரன் புண்ணியம். 1961-ம் வருசத்து வருமான வரிச் சட்டத்தை எடுத்துட்டு 2025-ல ஒரு புதுச் சட்டம் போட்டிருக்காக, 2026 ஏப்ரல் 1-லருந்து அமலு. இந்த நாள் எண்ணுற சங்கதி அதுலயும் அப்படியேதான் இருக்கு. இங்க வருமானம் 15 லட்சத்தைத் தாண்டினவன் லீவுக்கு வந்தா 120 நாளைக்கே உசாரா இருக்கணும். உனக்கு அம்புட்டு வருமானம் வர்ற மாதிரி எங்க மச்சான், அதான் உங்கப்பா, சொத்து ஒண்ணும் சேக்கல, அதனால அதை விடு.

பேங்குக்கு வா. மெட்ராஸ்ல வேலை பாத்தப்பத் தொடங்கின சேமிப்புக் கணக்கு இன்னும் அப்படியே கிடக்கு. வேலைக்குன்னு வெளிநாடு போனவன் அதை என்.ஆர்.ஓ. கணக்கா மாத்தணும்கிறது சட்டம். வாடகை, பழைய டெபாசிட்டு வட்டின்னு இங்க வர்ற பணம் அதுல விழும். நீ டாலரா அனுப்புறதுக்கு என்.ஆர்.இ.ன்னு தனிக் கணக்கு. என்.ஆர்.இ. வட்டிக்கு இங்க வரி கிடையாது. என்.ஆர்.ஓ. வட்டியில எடுத்த எடுப்புலயே 30 சதவீதம், அதுக்கு மேல செஸ்ஸு, ஆக 31.2 சதவீதம் பிடிச்சுருவான். அமெரிக்காவுல குடியிருக்கேன்னு அந்த ஊர் வரி ஆபீசு சான்றிதழை வாங்கி நீட்டினா, ரெண்டு நாட்டுக்கும் உள்ள ஒப்பந்தப்படி அது 15 சதவீதமாக் குறையும். நீட்டாதவனுக்கு யாரும் தேடி வந்து குறைக்க மாட்டான்.

அடுத்தது பாளையங்கோட்டை வீடு. மாசம் 15,000 வாடகை. குடியிருக்கிற வாத்தியாரு ஒண்ணாந்தேதி விடிஞ்சா முழுசாப் போட்டுருதாரு, தங்கமான மனுசன். அந்தத் தங்கத்தைத்தான் நீ மாட்டி விட்டுட்டுப் போயிருக்கே. வீட்டுக்காரன் வெளிநாட்டுவாசின்னா, குடியிருக்கிறவரு வாடகையிலயும் அதே 31.2 சதவீதத்தைப் பிடிச்சு சர்க்காருக்குக் கட்டிட்டு மிச்சத்தைத்தான் உனக்குக் குடுக்கணும். 15,000-க்கு 4,680. உள்ளூர் வீட்டுக்காரனுக்கு மாச வாடகை 50,000-ஐத் தாண்டினாத்தான் குடியிருக்கிறவருக்கு இந்த வேலை. உனக்கு அந்த மாதிரி வரம்பே கிடையாது, நூறு ரூபா வாடகைன்னாலும் பிடிக்கணும். பிடிக்காம விட்டா நோட்டீசு வாத்தியாருக்குத்தான் வரும். அவருக்கு நீ அமெரிக்காவுல இருக்கியா அம்பாசமுத்திரத்துல இருக்கியான்னே தெரியாது; ப்ளெக்ஸ் போர்டு பாளையங்கோட்டையில வைக்கல பாரு.

பிடிச்ச பணம் போச்சேன்னு பதறாத. வருசத்துக்கு 1,80,000 வாடகை. பராமரிப்புக்குன்னு சட்டமே 30 சதவீதம் கழிச்சுக்கிடச் சொல்லுது, மிச்சம் 1,26,000. இங்க வேற வருமானம் இல்லேன்னா, புது முறையில 4 லட்சம் வரைக்கும் வரியே இல்ல. அப்ப வருசம் பூரா பிடிச்ச 56,160 ரூபாயும் முழுசாத் திரும்பி வரும், கணக்குத் தாக்கல் பண்ணினா. ‘இங்கதான் எனக்கு வருமானமே இல்லையே மாமா, எதுக்குத் தாக்கல் பண்ணணும்’னு போன்ல கேட்டே பாரு, அந்தக் கேள்வியோட விலை 56,160. இதுல உன் பொண்டாட்டி வேற, ‘12 லட்சம் வரைக்கும் வரி இல்லேன்னு டிவியில சொன்னாகளே’ங்கா. அந்தத் தள்ளுபடி உள்ளூர்க்காரனுக்கு மட்டுந்தான் தாயி. உங்களுக்கு 4 லட்சத்தோட சரி. ‘சகஜ்’னு ஒரு பாரம் சொல்லுதானே, அந்தச் சுளுவான தாளு உங்களுக்கு ஆகாது. ஐடிஆர்-2 போடணும்.

இது இந்தப் பக்கத்துக் கதை. அந்தப் பக்கம் இருக்கே, அது இன்னும் விசேசம். அமெரிக்காவுல வரிக் கணக்குக்கு நீ குடியிருப்பாளி ஆயிட்டேன்னா, உலகத்துல எந்த மூலையில வர்ற வருமானத்தையும் அவன்கிட்டச் சொல்லணும். இங்க வரி இல்லேன்னு நீ நெஞ்சை நிமித்திக்கிட்டு இருந்த என்.ஆர்.இ. வட்டிக்கு அங்க வரி உண்டு. இங்க கட்டின வரி இருந்தா அங்க கழிச்சுக்கிடலாம். ரெண்டு பக்கமும் முழுசா அழ வேண்டாம். இன்னொண்ணு, வெளிநாட்டு பேங்குல உள்ள உன் கணக்கை எல்லாம் சேத்து, வருசத்துல ஒரே ஒரு நாளு 10,000 டாலரைத் தாண்டினாலும் ‘எஃப்பார்’னு தனியா ஒரு தாக்கல் பண்ணணும். அதுக்கு வரி கிடையாது, சொன்னாப் போதும். சொல்லலேன்னா தண்டம் ஆயிரக்கணக்குல, அதுவும் டாலர்ல. உங்கப்பா கணக்குல கூட்டாளியா உன் பேரையும் சேத்திருக்காரே, அதுவும் இதுல வரும். மனுசன் தோப்பு வித்த பணம் ஒரு வாரம் அதுல உக்காந்திருந்துது, ஞாபகம் இருக்கா? நான் சொன்னாத்தானே தெரியும்னு மிதப்பா இருக்காத. 2015-லயே ரெண்டு சர்க்காரும் ஒப்பந்தம் போட்டாச்சு. இங்கத்த பேங்கே உங்க கணக்கு வழக்கை அங்க போய்ச் சேருற மாதிரி எழுதி அனுப்பிரும்.

உன் பேர்ல இருக்கிற கரிசக்காட்டை மறந்துட்டேன் பாத்தியா. விவசாய வருமானத்துக்கு இங்க வருமான வரி இல்ல. அங்க அந்தச் சலுகை கிடையாது. உளுந்தும் மக்காச்சோளமும் வித்த காசை டாலராக்கி அவனுக்குச் சொல்லியாகணும். போன வருசம் காட்டுப்பன்னி மேஞ்சது போக மிஞ்சினது என்னன்னு நான் எழுதி அனுப்புதேன். பன்னி தின்னதை எந்தக் கட்டத்துல எழுதணும்னு டல்லாஸ் ஆடிட்டர்ட்டக் கேட்டு எனக்கும் சொல்லு, தெரிஞ்சுக்கிடுதேன்.

நிலம்னதும் நினைப்பு வருது. மேலக்காட்டுல நாலு ஏக்கர் விலைக்கு வருதுன்னு உங்கம்மா போன்ல சொல்லியிருப்பாளே. வெளிநாட்டுவாசி விவசாய நிலம் விலைக்கு வாங்கக்கூடாது. பாட்டன் சொத்து பாகமா வந்தா வச்சுக்கிடலாம், அதுக்குத் தடையில்ல. ‘அப்பம் மாமா பேர்ல வாங்கிருவோம்’னு யோசிக்காத. அதுக்குப் பேரு பினாமி, அதுக்குன்னு 1988-லருந்தே சட்டம் இருக்கு. சட்டத்தை விடு, நான் நல்லவன்தான். எம் மவனுக ரெண்டு பேரையும் நீ பாத்திருக்கேல்லா?

நீ மாசாமாசம் உங்கப்பாவுக்கு அனுப்புற பணத்துக்கு அவர் வரி கட்ட வேண்டாம். மகன் குடுக்கிறது, எவ்வளவுன்னாலும் சரிதான். அந்தப் பணத்தை அவர் டெபாசிட்டுல போட்டு வர்ற வட்டி மட்டும் அவர் கணக்குல சேரும். இதைச் சொல்லி அவரைத் தேத்து. வரிக்காரன் வந்துருவான்னு பயந்து, எடுத்த பணத்தை அரிசிப் பானையில ஒளிச்சு வச்சிருக்காரு. எந்தங்கச்சி அன்னிக்கு உலை வைக்கும்போது ஐநூறு ரூபாத் தாளையும் சேத்துக் களைஞ்சுட்டா.

பான் கார்டு சங்கதியும் ஒண்ணு கிடக்கு. ஆதாரோட சேக்கணும்கிற கட்டாயம் வெளிநாட்டுவாசிக்கு இல்ல, ஆனா ‘நான் வெளிநாட்டுவாசி’ன்னு வரி இணையதளத்துல நீதான் பதியணும். பதியாததுனால 2023 ஜூலையில எத்தனையோ பேரு கார்டு செயலிழந்து போச்சு. அதுக்கெல்லாம் ஓடிபி வரும். வரும், உங்கப்பா போனுக்கு. பழைய சிம்மை அதுலதானே போட்டுட்டுப் போனே? ‘ஓடிபியை யாரிடமும் பகிர வேண்டாம்’னு பேங்குலருந்து மெசேஜ் வந்ததுலருந்து அவரு பெத்த மகன்கிட்டயும் சொல்ல மாட்டேங்காரு. நான் மடக்கி வாங்கிச் சொல்லுறதுக்குள்ள நேரம் முடிஞ்சு போவுது. இப்ப லீவுக்கு ஊருக்கு வந்திருக்கேல்லா, அதுக்குள்ளயே அந்த நம்பரை மாத்து. தாக்கல் பண்ணின 30 நாளுக்குள்ள சரிபாத்து முடிக்கணும், அதுக்கும் ஓடிபி கேப்பான்.

இங்கத்த தாக்கலுக்குக் கடைசித் தேதி ஜூலை 31. தாண்டினா 5,000 வரைக்கும் தாமதக் கட்டணம். இன்னிக்கே பேங்குக்குப் போ. அப்படியே பாளையங்கோட்டை வாத்தியார்ட்டயும் ஒரு வார்த்தை சொல்லிரு. நீயே சொல்லு மாப்ளே. நான் போய் நின்னா வாடகையைக் கூட்ட வந்திருக்கேன்னு நினைச்சுக் கதவைச் சாத்திருவாரு.