சாணார்பட்டியில் பியூரிட்டனாக வாழ்வது எப்படி?

முதலில், கறுப்புத் துணி எடுக்கத் திண்டுக்கல்லுக்குப் பஸ் ஏறாதீர்கள். பியூரிட்டன் என்றால் கறுப்பங்கி போட்டுக்கொண்டு பச்சைத் தண்ணீர் குடிக்கிற ஆள் என்று படங்களில் காட்டிக் கெடுத்துவைத்திருக்கிறார்கள். இந்தக் கறாரான கிறிஸ்தவர்கள் குடியேறிய 17ஆம் நூற்றாண்டு அமெரிக்க மாசசூசெட்ஸில் நல்ல கறுப்புச் சாயம் விலை அதிகம், அது பெரிய மனிதர்கள் சங்கதி. மற்றவர்கள் பழுப்பும் காவியும் பச்சையுமாகத்தான் திரிந்தார்கள். தடை இருந்தது சரிகைக்கு. 200 பவுண்டு சொத்து இல்லாதவர் தங்கச் சரிகை, வெள்ளிச் சரிகை அணியக்கூடாது என்று 1651இல் சட்டமே போட்டார்கள். முகூர்த்தப் பட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு வந்தால் போதும். பூட்டு நம் ஊரிலேயே கிடைக்கும். பீர் உண்டு, சாப்பாட்டோடு தினமும். போதை தலைக்கேறினால்தான் தொழுமரத்தில் காலை மாட்டுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் கஷ்டம். சனிக்கிழமை பொழுது சாய்ந்ததுமே ஓய்வுநாள் தொடங்கிவிடும், அதற்குமேல் சமையல் ஆகாது. சீரகச்சம்பா பிரியாணியை மறந்துவிடுங்கள். அவர்கள் சனிக்கிழமை வேகவைத்த பயற்றை மறுநாள் தின்றார்கள். நமக்குப் பழைய சோறும் சின்ன வெங்காயமும் இருக்கின்றன, குறையொன்றும் இல்லை. பிரசங்கம் இரண்டு மணி நேரம் ஓடும். கண் சொக்கினால் தட்டி எழுப்பக் கோலோடு ஓர் ஆள் நிற்பார்.

பக்கத்து வீட்டைக் கண்காணிப்பதற்குப் பயிற்சியே வேண்டாம். யார் கோயிலுக்கு வரவில்லை, யார் பெண்டாட்டியோடு சண்டை போட்டார் என்று அங்கே சபை கூடி விசாரித்தது. டீக்கடை பெஞ்சில் இது தினமும் இலவசமாக நடக்கிறது.

திருவிழா கூடாது. 1659 முதல் 1681 வரை மாசசூசெட்ஸில் கிறிஸ்துமஸ் கொண்டாடினால் 5 ஷில்லிங் அபராதம். அதற்கே அவ்வளவென்றால் ஜல்லிக்கட்டுக்கு எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் 50 வீடு உள்ள ஊர் எழுத்துச் சொல்லித்தர ஓர் ஆளை வைத்தாக வேண்டும் என்று 1647இல் விதித்ததும் இவர்கள்தான். அதில் கிண்டலுக்கு இடமில்லை.

அந்தப் பள்ளிக்கூடப் பித்தோடுதான் அவர்கள் வழிவந்த அமெரிக்க மிஷன்காரர்கள் 1816இல் யாழ்ப்பாணத்துக்கும், 1834இல் மதுரைக்கும், பிறகு நம் திண்டுக்கல்லுக்கும் வந்தார்கள். அவர்களிடம் படிக்கப் போனால் பெயரை விட்டுக்கொடுக்கத் தயாராக இருங்கள். யாழ்ப்பாணத்தில் பையனின் படிப்புக்கு அமெரிக்காவிலிருந்து பணம் அனுப்புகிறவர் சொல்லும் பெயரை வைப்பது அப்போது வழக்கமாக இருந்தது. கலித்தொகையைப் பதிப்பித்த சி.வை.தாமோதரம்பிள்ளைக்கே சைரஸ் கிங்ஸ்பரி என்றொரு பெயர் இருந்தது.

இதுவரை எல்லாம் சமாளிக்கக்கூடியவை. ஆள் தேறுவதும் தோற்பதும் பந்தியில்தான். சாதியை விட்டேன் என்று வாயால் சொன்னால் போதாது, எந்தச் சாதிக்காரரோடும் உட்கார்ந்து சாப்பிட்டுக் காட்ட வேண்டும் என்று 1847இல் மதுரை மிஷன் கறாராக நின்றது. ஜெபத்துக்கும் ஓய்வுநாளுக்கும் சளைக்காத உபதேசியார்கள் பலர் பந்திக்கு மட்டும் வரமாட்டேன் என்றார்கள். அவர்களை விலக்கிவைத்தார்கள். மிஷன் நடத்திய பசுமலை செமினரி மாணவர்களிலும் பலர் மூட்டை கட்டினார்கள். (மிஷன்காரர்களின் பாட்டன் காலத்து ஜெபவீட்டில் சொத்தும் அந்தஸ்தும் பார்த்துத்தான் இடம் ஒதுக்கினார்கள். அதையும் சொல்லிவைக்க வேண்டும் அல்லவா?)

ஆகவே நீங்கள் பாடத்தைக் கடைசியிலிருந்து தொடங்குங்கள். முதல் ஞாயிறு பழைய சோறு வேண்டாம், பிரியாணியே செய்யுங்கள். இதுவரை உங்கள் திண்ணையைத் தாண்டாதவரைக் கூப்பிட்டு, உங்கள் பக்கத்திலேயே இலை போடுங்கள். அடுத்த ஞாயிறு அவர் வீட்டில், அவர்கள் சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். கறுப்பங்கியைப் பற்றி அப்புறம் பேசலாம்.