தூரம் கூடக் கூடத் துல்லியம்

மணலூர்பேட்டை டீக்கடையில் காலை ஆறரைக்கெல்லாம் வந்து உட்காரும் அந்தப் பெரியவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அது ரேஷன் கார்டில் பத்திரமாக இருக்கிறது. இளவட்டங்களுக்கு அவர் ‘மாமா’, கடைக்காரருக்கு ‘அண்ணே’, எழுந்து போனதும் எல்லாருக்கும் ‘கருத்து’. “கருத்து வந்துட்டுப் போயிடுச்சா?” என்று தெருமுனையிலேயே விசாரித்துக்கொண்டு டீ குடிக்க வருகிறவர்களும் இருக்கிறார்கள்.

பக்கத்துத் திருக்கோவிலூரில் புகழ்பெற்ற ஓர் இடைகழி உண்டு. மழை இரவில் பொய்கையாழ்வார் அங்கே படுத்திருந்தார். பூதத்தாழ்வார் வந்ததும் இருவரும் உட்கார்ந்தார்கள். பேயாழ்வார் வந்ததும் மூவரும் நின்றார்கள். நாலாவதாக யாரோ நெருக்குகிறார்களே என்று பார்த்தால், பெருமாள். டீக்கடை பெஞ்சின் கதை இதற்கு நேர் தலைகீழ். நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள். கருத்து வந்தால் மூன்று பேர், செருமினால் இரண்டு, “நான் என்னா சொல்றன்னா…” என்றதும் ஒருவர். அந்த ஒருவரும் பாக்கிச் சில்லறை வராததால் இருப்பவர்.

“மூணு மாவட்டம் பார்த்தவன்யா நான்” என்பார். அது பொய்யில்லை. அவர் பிறந்தபோது இது தென்னாற்காடு. கலெக்டரைப் பார்க்கக் கடலூர் போக வேண்டும். 1993-இல் விழுப்புரம் மாவட்டம் ஆயிற்று. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி. மூன்றையும் அவர் அதே பெஞ்சில் உட்கார்ந்தபடியே பார்த்தார். இதில் ஒரு வசதியும் உண்டு. பெருமை எந்தப் பக்கம் வீசுகிறதோ அந்த மாவட்டத்துக்காரர் ஆகிவிடலாம். 2023 ஆகஸ்டில் சந்திரயான்-3 நிலாவில் இறங்கியது. அதன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர் என்று தெரிந்ததும், “நம்ம மாவட்டத்துப் புள்ள” என்று ஒரு வாரம் விழுப்புரம் மாவட்டத்திலேயே தங்கிவிட்டார். தொகுதிப் பெருமை வேண்டுமென்றால் 2011-ஐ எடுப்பார். ரிஷிவந்தியத்தில் ஜெயித்த விஜயகாந்த் சட்டசபையில் எதிர்க்கட்சித் தலைவர் ஆன வருஷம் அது. “நாங்க அனுப்பின ஆளு!” நீங்கள் அவருக்குத்தான் ஓட்டுப் போட்டீர்களா என்று கேட்டால் மட்டும், “அது ரகசியம்ப்பா, சட்டமே அப்படித்தான்.”

அவருடைய நாள் மூன்று பாகம். காலையில் அரசியல், மத்தியானம் சமுதாயம், சாயங்காலம் வாழ்க்கையின் அர்த்தம்.

காலை அரசியலுக்கு முதலீடு, கடைக்கு வரும் தினத்தந்தி. பேப்பர் வந்த இரண்டாவது நிமிஷம் தாள் தாளாகப் பிரிந்துவிடும். இவருக்கு எந்தத் தாள் கிடைக்கிறது என்பது முக்கியமில்லை. கையில் வரிவிளம்பரத் தாள் இருக்கும். வாயில் உக்ரைன் போர் நடக்கும். “புடின் எங்க தப்பு பண்ணான் தெரியுமா?” என்று ஆரம்பித்து, ரஷ்யப் படையை வேறொரு வழியாகத் திருப்பிவிட்டு, நேட்டோவைக் கண்டித்து, போண்டா ஆறுவதற்குள் போரை முடித்துவிடுவார்.

மத்தியானம் புளியமரத்தடி. “வரதட்சணை கேக்குறவன் மனுசனாய்யா?” என்று பொங்குவார். அவர் வீட்டுக் கல்யாணத்தில் வந்த பைக்கை யாராவது நினைவுபடுத்தினால், “நாம கேக்கல. அவங்க பொண்ணுக்கு அவங்க செய்யறாங்க. வேணாம்னா மனசு கஷ்டப்படாதா?” சாதியைப் பற்றியும் திடமான கொள்கை வைத்திருக்கிறார். “இந்தக் காலத்துல யாருப்பா சாதி பார்க்குறா?” அதே மூச்சில், ஊருக்குப் புதிதாக வந்து டீ வாங்கும் பையனிடம் திரும்பி, “தம்பி எந்த ஊரு? ஊர்ல எந்தத் தெரு?” என்பார். தெரு தெரிந்தபின் பெஞ்சில் எவ்வளவு நகர்ந்து உட்காரலாம் என்பதை அவருடைய உடம்பே பார்த்துக்கொள்ளும். கொள்கைக்கு அதில் வேலை இல்லை.

சாயங்காலம் தத்துவம். திருவண்ணாமலைக் காற்று படுகிற ஊர். தை 5-ஆம் நாள் அண்ணாமலையாரே இங்கே தென்பெண்ணை ஆற்றுக்குத் தீர்த்தவாரிக்கு வருகிறார். அதனால் ஆன்மிகத்தில் தனக்குப் பூர்வீகப் பாத்தியதை உண்டென்பது அவர் எண்ணம். ரமணர் கதையை ரசித்துச் சொல்வார். 1896-இல் பதினாறு வயதுப் பையன் அண்ணாமலைக்குப் போகும் வழியில் திருக்கோவிலூர்க் கீழூரில் காதுக் கடுக்கனை வைத்து நாலு ரூபாய் வாங்கியதுவரை கண் கலங்கும். அங்கேயே கதை நின்றுவிடும். “ரெண்டு கடுக்கனுக்கு நாலே ரூபாயா? அப்ப பவுனு என்னா வெலை?” பிறகு நகைக்கடன், வட்டி, ஏலம். ரமணர் அதற்குமேல் திருவண்ணாமலை போய்ச் சேரமாட்டார். அவர் ‘நான் யார்?’ என்று விசாரிக்கச் சொன்னவர். நம்மவரோ பஸ் கண்டக்டரிடம்கூட “நான் யாருன்னு தெரியுமாய்யா?” என்று கேட்டு, விசாரணையை அடுத்தவர் தலையில் கட்டிவிடுவார்.

கொஞ்ச நாள் பழகினால் ஒரு விதி பிடிபடும். விஷயம் எவ்வளவு எட்டத்தில் இருக்கிறதோ, கருத்து அவ்வளவு துல்லியம். சிந்துவெளி எழுத்து என்ன மொழி என்பதை அவர் ஒரே டீயில் தீர்த்துவிட்டார். ஜம்பை பக்கத்திலேயே இருக்கிறது. 1981-இல் அங்கே ஒரு குன்றில் கண்டெடுத்த அதியமான் நெடுமான் அஞ்சியின் தமிழிக் கல்வெட்டுதான், அசோகர் கல்வெட்டில் வரும் சத்தியபுத்திரர் யார் என்ற கேள்விக்கு விடை கொடுத்தது. “பார்த்திருக்கீங்களா மாமா?” “வெயிலுப்பா அங்க.” பிரேசில் கரும்பைப் பற்றி அரைமணி நேரம் பேசுவார். பக்கத்துக் கொல்லைக்காரர், “அண்ணே, மூங்கில்துறைப்பட்டு மில்லுல நம்ம கரும்புக்கு எப்ப கட்டிங் ஆர்டர் வரும்?” என்றால், “மில்லுல கேளு” என்று இரண்டே சொல்லில் முடித்துக்கொள்வார். கல்வராயன் மலைக்காரர்களை 1976 வரை ஜாகிர்தார்கள் ஆண்டதை நினைத்து உண்மையாகவே கொதிப்பார். 1976 அவருக்குப் போதுமான தூரம். அந்த மலையிலிருந்து இன்றைக்கு யாராவது இறங்கிவந்து ரோடு இல்லை என்றால், “ஆபீசருங்க பார்த்துக்குவாங்க” என்பார்.

2024 டிசம்பர் 2 விடியற்காலையில் இந்த விதிக்குச் சோதனை வந்தது. ஃபெஞ்சல் புயல் மழையில், 119 அடி முழு நீர்மட்டம் கொண்ட சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1,68,000 கன அடி தண்ணீர் திறந்துவிட்டார்கள். தென்பெண்ணை வேறு ஆறாக மாறி வந்தது. அந்த இருட்டில் அவர் டார்ச்சோடு தெருவில் நின்றார். “மாட்ட மொதல்ல அவுத்து வுடு. கெழவிய தூக்கு. பாத்திரம் கெடக்கட்டும்.” தண்ணீர் எந்தச் சந்தில் முதலில் நுழையும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் சொன்னது ஒவ்வொன்றும் சரியாக இருந்தது. அதில் ஒன்றுகூடக் கருத்து இல்லை. மனிதர் மாறிவிட்டார் என்று பெஞ்சே நம்பியது. மூன்றாம் நாள், “சாத்தனூர்ல முன்னாடியே கொஞ்சம் கொஞ்சமா வுட்டிருக்கலாமோ என்னமோ” என்று மெதுவாக ஆரம்பித்தார். குரலில் தெம்பில்லை, அணை ரொம்பக் கிட்டே. வார இறுதியில் முல்லைப் பெரியாறுக்கு நகர்ந்தார், தொண்டை கொஞ்சம் திறந்தது. அடுத்த வாரம் சீனாவின் மூன்று பள்ளத்தாக்கு அணையில் நின்று பேசியபோது பழைய கம்பீரம் முழுசாகத் திரும்பியிருந்தது.

அவரை முட்டாள் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். கிட்டத்து விஷயத்துக்கு முகம் இருக்கிறது, சொந்தம் இருக்கிறது, கொடுக்கல் வாங்கல் இருக்கிறது. தெருச் சாக்கடையைக் குறை சொன்னால் கவுன்சிலர் கோபிப்பார். அவர் மச்சான் முறை. சாக்கடைமேல் படி கட்டியவரைச் சொன்னால் சம்பந்தி முறுக்கிக்கொள்வார். புடினைத் திட்டினால் யாரும் பதிலுக்குத் திட்டுவதில்லை, பத்திரிகையும் வைக்காமல் விடுவதில்லை. எட்டத்துக் கருத்து செலவில்லாதது. கிட்டத்துக் கருத்துக்கு விலை உண்டு, அது அவருக்கு நன்றாகவே தெரியும். நாமும் அந்த விலையைக் கேட்டுவிட்டுத்தான் அவர் பக்கத்தில் சத்தமில்லாமல் உட்கார்ந்து டீ குடிக்கிறோம்.

விலையைக் கேட்காத ஆள் கடைக்குள்ளேயே இருந்தது. உக்ரைன் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் இருபது வருஷமாகக் கிளாஸ் கழுவும் கடைக்காரர் சம்சாரம். சாக்கடை அடைத்துக்கொண்டு கொசு மொய்க்க, பேத்திக்குக் காய்ச்சல் கண்டதும், ஒரு முழுத் தாளில் மனு எழுதச் சொல்லித் தெருவில் இருபது கையெழுத்து வாங்கிவிட்டது. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாள். ஞாயிறு சாயங்காலம் மனுவைக் கொண்டுவந்து பெரியவரிடம் நீட்டியது.

“நீங்களும் ஒரு கையெழுத்துப் போடுங்க மாமா.”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆதியோடந்தமாகப் படித்தார். பேனாவை எடுத்தார். பெஞ்சு மூச்சைப் பிடித்தது. ‘சாக்கடை தூர்வார’ என்ற இடத்தில் விட்டுப்போன ஒரு காலைப் போட்டார். ‘மாவட்ட ஆட்சியர்’ என்பதற்குமுன் ‘மாண்பமை’ சேர்த்தார். தேதி இடப்பக்கம்தான் வர வேண்டும் என்றார். பிறகு பேனாவை மூடிப் பையில் செருகிக்கொண்டு, மனுவை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்.

“எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா நமக்கெதுக்கும்மா இந்த அரசியல்?”