வாயில் நுழையாத வரம்

ஆண் குழந்தை பிறந்தால் தாத்தா பெயரைத் தூக்கி வைத்துவிட்டு வயலுக்குக் கிளம்பிப் போன சோம்பேறிகள் நம் முன்னோர். மாமனார் பெயரை மருமகள் சொல்லக் கூடாது என்பதால் அந்தப் பிள்ளை வீட்டில் 'தம்பி'யாகவோ 'சாமி'யாகவோ வளர்ந்தான், அத்தோடு சரி. முன்னால் பிறந்தவை தங்கவில்லை என்றால் அடுத்ததைக் குப்பையில் போட்டு எடுத்துக் குப்புசாமி என்றோ, பிச்சை என்றோ வைத்தார்கள். எமன் 'சீ' என்று ஒதுங்கிப் போவானாம். பிள்ளை உயிரோடு இருந்தால் போதும் என்று நினைத்தவர்களிடம் வேறென்ன ரசனையை எதிர்பார்ப்பது?

இன்றைய பெற்றோரின் உழைப்பே தனி. ஆணா பெண்ணா என்று ஸ்கேன் பார்ப்பவர் சொல்லக் கூடாது என்று சட்டம் இருப்பதால், சலிக்காமல் இரண்டு பட்டியல் போடுகிறார்கள். பிறந்த நேரம் கைக்கு வந்ததும் நட்சத்திர எழுத்து. அசுவினிக்கு சு, சே, சோ, லா; ரோகிணிக்கு ஓ, வ, வி, வு. திருவாதிரை மூன்றாம் பாதத்துக்கு 'ங'. அந்த எழுத்தில் தொடங்கும் பெயரைத் தேடி ஒரு தகப்பன் நான்கு நாள் தூங்காமல் இருக்கிறான் என்றால் அதற்குப் பெயர்தான் பிள்ளைப் பாசம்.

எனக்குத் தெரிந்த வீடொன்றில் முகில் என்று ஏறக்குறைய முடிவாகிவிட்டது. நல்லவேளையாக எண் கணிதம் பார்ப்பவரிடம் போனார்கள். ஆங்கில எழுத்தில் எம்முக்கு 4, யுவுக்கு 6, ஜிக்கு 3, ஐக்கு 1, எல்லுக்கு 3. கூட்டினால் 17, ஒன்றும் ஏழும் எட்டு. சனிக்குரிய எண்! அவர் பதறவில்லை. யுவுக்குப் பக்கத்தில் இன்னொரு யு போட்டார். 23 ஆயிற்று, இரண்டும் மூன்றும் ஐந்து. சனியின் பிடியிலிருந்து பிள்ளையைப் பறித்துப் புதனிடம் ஒப்படைத்துவிட்டது ஒற்றை எழுத்து. படிப்பவர்கள் இனி 'மூகில்' என்று படிப்பார்கள். கிரகங்களுக்கு உச்சரிப்பு முக்கியமில்லை போலும்.

அப்படியும் முகில் நிற்கவில்லை. கேட்டவுடனே எல்லாருக்கும் புரிகிறது என்பதுதான் குறை. பால்காரருக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் புரிகிற பெயரை வைத்துக்கொண்டு பிள்ளை எப்படி முன்னுக்கு வருவான்? இணையத்தில் இறங்கினார்கள். அங்கே எந்த எழுத்தையும் எந்த எழுத்தோடும் ஒட்டலாம். விஷ்ணு, சிவன், சூரிய ஒளி என்று ஏதாவது ஒரு பொருள் தயாராக இருக்கும். சமஸ்கிருதம் படித்துத் தலை நரைத்தவர்களுக்கே தெரியாத வேர்ச்சொற்களை இப்படிக் கட்டணம் இல்லாமல் வழங்கும் தொண்டை யார் பாராட்டுகிறார்கள்?

யக்ஷித் என்று முடிவாயிற்று. பதினாறாம் நாள் தொட்டிலில் போட்டு, காதில் மூன்று முறை பெயர் சொல்லும் பொறுப்பு அத்தைக்கு. செல்போனைப் பார்த்துப் படித்தும், முதல் தடவை ஒன்று, இரண்டாம் தடவை வேறொன்று, மூன்றாவது தும்மல் மாதிரி ஏதோ ஒன்று வந்தது. ஒரே செலவில் பிள்ளைக்கு மூன்று பெயர். ஆத்தா இப்போது 'எச்சித்து' என்று கொஞ்சுகிறாள். அவள் பல் போனவள். அவளைத் திருத்த மகன் அன்றாடம் எடுக்கும் பாடம் தாய்ப்பற்றுக்குச் சான்று.

அந்த மகனின் பெயர் இளங்கோவன். வேதாசலமாக இருந்தவர் மறைமலையாகவும், சூரியநாராயண சாஸ்திரி பரிதிமாற் கலைஞராகவும், நாராயணசாமி நெடுஞ்செழியனாகவும் மாறிய காலத்துக் காற்று பட்ட குடும்பம். அந்த மரபை யாரும் கைவிட்டுவிடவில்லை. பையனின் இனிஷியலில் 'இ' இருக்கிறது. ஒரே எழுத்துதான், ஆனால் நெடுங்கணக்கில் உள்ள எழுத்து.

இதெல்லாம் எதற்கு? ஊரில் யாருக்கும் இல்லாத பெயராக இருக்க வேண்டும் என்பதற்குத்தான். அந்த நோக்கமும் முழுசாக நிறைவேறியிருக்கிறது. எல்.கே.ஜி. வகுப்பில் ரித்விக், சாத்விக், தன்விக், கிருத்விக் என்று யாருக்கும் இல்லாத பெயர்கள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கின்றன. மிஸ் கடைசி எழுத்தை மட்டும் இழுத்தால் போதும், நாலு தலையும் திரும்பும். வருகைப் பதிவில் எவ்வளவு நேரம் மிச்சம்!

அரசாங்கத்துக்கும் இவர்கள் அருமை தெரிந்திருக்கிறது. பிறப்பை 21 நாளுக்குள் பதியச் சொல்லும் விதிகள், பெயரைச் சேர்க்க மட்டும் 12 மாதம் கட்டணமில்லாமல் விட்டிருக்கின்றன. அதன் பிறகு தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டு வரை. பையனுக்கு மீசை அரும்பி, அவனையே கேட்டு வைக்கும் அளவுக்கு அவகாசம். அதில் பதினாறே நாளை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பித் தருகிறவர்களுக்கு ஒரு விருது ஏற்படுத்தலாம். அதற்கு என்ன பெயர் வைப்பது என்பதையும் அவர்களே கூட்டிப் பார்த்துச் சொல்லட்டும்.