என் ஃபார் நெடுங்கண்டம்

மாணவர்களுக்கு லேப்டாப் கொடுக்கும் கல்லூரிகளுக்கு மூன்று யோசனை சொல்லலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். நேற்றுக் கத்தியதில் கட்டிய தொண்டை இன்னும் சரியாகவில்லை. முதலில் அந்தக் கதையைச் சொல்லி முடித்துவிடுகிறேன்; யோசனை எங்கேயும் ஓடிவிடாது.

தம்பி குடும்பம் பூப்பாறைக்கு அங்கிட்டு ஏலத்தோட்டத்தில் இருக்கிறது. அவன் மகள் லீவுக்கு மலையேறியவள், கல்லூரி கொடுத்த லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாள். நேற்றுச் சாயங்காலம் போன். “பெரியப்பா, விண்டோஸ் ஆக்டிவேட் பண்ணுன்னு மூலையில எழுத்து வந்துக்கிட்டே இருக்கு. ஒண்ணுமே பண்ண முடியல.”

படிக்கிற பிள்ளை ஒண்ணுமே பண்ண முடியவில்லை என்றால் சும்மா இருக்க முடியுமா? போடியில் ஏலக்காய்க் கமிஷன் கடை ஒன்றில் பல வருஷம் டேலியில் கணக்குப் போட்டவன் நான். அதனால் எங்கள் குடும்பத்தில் மின்சாரத்தில் ஓடி, திரை வைத்த எது மக்கர் பண்ணினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். கல்லூரி லேப் தம்பிக்குப் போன் போட்டேன். மரியாதையான பையன். “ஒரு கீ அனுப்புறேன் சார், அதைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்க” என்றான். என் வாட்ஸப்பில் வந்து விழுந்தது. ஐந்து ஐந்தாக, மொத்தம் 25 எழுத்து.

அதை அப்படியே மேலே தள்ளிவிட வேண்டியதுதானே என்பீர்கள். தள்ளினேன். ஒற்றை டிக்கோடு நின்றது. எஸ்.எம்.எஸ். அனுப்பினேன்; அது இன்று காலை கூலியாட்கள் ஜீப் ஏறிய நேரத்துக்குத்தான் மலையேறியது. அங்கே தோட்டத்து ஸ்டோர் வாசலில் ஒரு மூலையில் நின்றால் மட்டும் பேச்சு கேட்கும். ஆக, வாயால் சொல்ல வேண்டும்.

வாயால் எழுத்துச் சொல்வது நம் எல்லோருக்கும் வந்த கலைதான். ஏ ஃபார் ஆப்பிள், பி ஃபார் பாம்பே. பாம்பே 1995-லேயே மும்பை ஆகிவிட்டது. போனில் மட்டும் அது இன்னும் பாம்பேதான். எனக்கு அது பிடிக்காது. நம் பக்கத்தில் ஊருக்கா பஞ்சம்? ஊர்ப்பெயரை வைத்தே சொல்வோம் என்று திண்ணைக்கு வந்து நின்றேன்.

“என் ஃபார் நெடுங்கண்டம்.” போட்டாள். நல்ல சகுனம்.

“எம் ஃபார் மூணாறு.” மூணு, ஆறு என்று அடித்தாள். அதை அழிக்கச் சொல்லி, “பி ஃபார் பெரியகுளம்” என்றேன். “எந்த பி பெரியப்பா?” என்கிறாள். இதோ, அச்சில் படிக்கிற உங்களுக்கே எந்த பி என்று தெரியவில்லை அல்லவா? டி-யும் அதே கதி. “டி ஃபார் தேவதானப்பட்டி” என்றேன். “தேனிக்கு வர்ற டி-யா?” தேனிக்கும் தேவதானப்பட்டிக்கும் தமிழில் முதலெழுத்து ஒன்றுதான், இங்கிலீஷில் போர்டு எழுதியவன் பிரித்துவிட்டான். சி-க்குக் கம்பம் சொன்னேன், கே போட்டாள். அவள் மேல் தப்பில்லை, காதில் விழுந்ததை எழுதினாள். சின்னமனூர் என்று மாற்றினேன். ஜி-க்குக் கூடலூர், கே-க்குக் குரங்கணி. இரண்டும் ‘கு’வன்னாதான் என்று அவளுக்குப் பட்டால் நான் என்ன செய்ய? எஃப்புக்கு ஃபாரஸ்ட் செக்போஸ்ட் கைகொடுத்தது. க்யூவுக்கு மலையின் இரண்டு பக்கத்திலும் எனக்கு ஓர் ஊர் சிக்கவில்லை.

நடுவில் “தேவதானப்பட்டி, ஏழு, குரங்கணி, குரங்கணி, குரங்கணி” என்று வந்தது. உண்மையிலேயே மூன்று கே வரிசையாக நிற்கிறது. “கேட்டுருச்சு பெரியப்பா, ஏன் திரும்பத் திரும்பச் சொல்றீங்க?” என்று ஒரு குரங்கணியோடு நிறுத்திவிட்டாள். கடைசியில் எண்ணிப் பார்த்தால் இரண்டு எழுத்து குறைகிறது. திரும்ப நெடுங்கண்டத்திலிருந்து புறப்பட்டோம். தெருவோடு போன ஒருவர் நின்று, கம்பம் வண்டி எத்தனை மணிக்கு என்று விசாரித்துவிட்டுப் போனார்.

கீ எழுதுகிற கம்பெனிக்காரர்களையும் சொல்ல வேண்டும். கண்ணுக்குக் குழப்பம் வரக்கூடாது என்று ஓ, சுழியம், ஐ, ஒன்று, எஸ், ஐந்து எல்லாவற்றையும் கீயிலிருந்து எடுத்துவிட்டார்கள். உயிரெழுத்து ஐந்துமே கிடையாது. ஆண்டிபட்டிக்கும் உத்தமபாளையத்துக்கும் சுருளிக்கும் வேலை போச்சு. கண்ணுக்கு இத்தனை அக்கறை பட்டவர்கள் காது என்று ஒன்று இருப்பதை நினைக்கவே இல்லை. அதைவிட எனக்கு ஆறாத குறை, பி ஃபார் போடி என்று சொல்ல ஆரம்பத்திலிருந்து காத்திருந்தேன்; அந்த பி கடைசிக்கு முந்தின எழுத்தாகத்தான் வந்தது. இத்தனைக்கும் எட்டு எம்.எம். காய் இத்தனை கிலோ, இன்ன விலை என்று லட்சக்கணக்கில் வியாபாரம் போனிலேயே முடிகிற ஊர் இது. ஒருத்தரும் எழுத்துக் கூட்டுவதில்லை.

ஒருவழியாகக் கீ ஏறியது. உடனே 0எக்ஸ்8007 என்று தொடங்கும் ஒரு நம்பரைக் காட்டி, ஆக்டிவேட் செய்ய முடியாது என்றது. அந்த நம்பரையும் எனக்குச் சொல்ல ஆரம்பித்தாள். வேண்டாம் தாயி என்று வைத்துவிட்டு லேப் தம்பியைக் கூப்பிட்டேன்.

அவன் பொறுமையாக விளக்கினான். இந்த லேப்டாப்புகள் எல்லாம் கல்லூரி மொத்தமாக வாங்கிய லைசென்ஸில் ஓடுகின்றன. கே.எம்.எஸ். என்று ஒரு சர்வர் கல்லூரிக்குள் இருக்கிறது. பென்ஷன்காரர்கள் உயிரோடு இருப்பதாகச் சான்றிதழ் கொடுப்பதுபோல, லேப்டாப் அதனிடம் முகத்தைக் காட்ட வேண்டும். ஒருமுறை காட்டினால் 180 நாள் தாங்கும். ஏழு நாளுக்கொரு தரம் தானாகவே போய்க் காட்டப் பார்க்கும். கல்லூரி நெட்வொர்க் எட்டாத இடத்தில் 180 நாளும் தீர்ந்துவிட்டால் மூலையில் எழுத்து வந்துவிடும்.

“அப்ப அந்தக் கீ?”

“அது எல்லாருக்கும் ஒண்ணுதான் சார். உலகம் பூரா அதே கீதான். மைக்ரோசாஃப்டே நெட்ல போட்டு வச்சிருக்கு. சர்வரைத் தேடச் சொல்றதுக்கு மட்டும்தான். சில சமயம் திரும்பப் போட்டா சரியாகும், அதான் சொன்னேன்.”

சரியாகும் என்று மலையில் இருக்கிற பிள்ளைக்குச் சொல்லக் கொடுத்திருக்கிறான்! சர்வர் கல்லூரியில், லேப்டாப் பூப்பாறைக்கு அங்கிட்டு, நடுவில் போடிமெட்டு. உலகம் பூராவும் தெரிந்த ஒன்றை ரகசியம்போல் ஒவ்வோர் எழுத்தாக மலையேற்றியிருக்கிறேன்.

2011 செப்டம்பரில் அரசு விலையில்லா லேப்டாப் கொடுக்கத் தொடங்கியபோது விண்டோஸோடு ‘பாஸ்’ லினக்ஸும் போட்டுக் கொடுத்தார்கள். சி-டாக் செய்த நம்மூர்ச் சரக்கு. அதற்குக் கீயும் வேண்டாம், முகம் காட்டவும் வேண்டாம். எங்கள் தெருப் பிள்ளைகள் அதைத் தவறி அழுத்தினால், பேய் வீட்டுக்குள் வந்துவிட்டதாக அணைத்துவிட்டு மறுபடி போடுவார்கள். நாமெல்லாம் அப்படித்தான். பூட்டு இல்லாத வீட்டில் என்ன இருந்துவிடப் போகிறது?

லேப் தம்பியிடம், கல்லூரி திறக்கும்வரை பிள்ளை படிப்புக்கு என்ன வழி என்று கேட்டேன். “அது பாட்டுக்கு ஓடும் சார். வேர்டு, நெட், பிரவுசர் எல்லாம் வேலை செய்யும். வால்பேப்பர், கலர் இந்த மாதிரி அலங்காரம்தான் செட்டிங்ஸ்ல மாத்த முடியாது.”

மலைக்குப் போன் போட்டேன். “ஒண்ணுமே பண்ண முடியலன்னியே தாயி, எது பண்ண முடியல?”

கொஞ்ச நேரம் காற்றுச் சத்தம். சிக்னல் போய்விட்டது என்று நினைத்தேன்.

“வால்பேப்பர் பெரியப்பா.”