கம்பெனிக்கு ஒரு வெப்சைட் வேணுமுங்

கோயமுத்தூரில் கணபதி, ஆவாரம்பாளையம், பீளமேடு என்று எந்தப் பக்கம் போனாலும் அவரைப் பார்க்கலாம். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா, நெற்றியில் மருதமலை விபூதி. மோனோபிளாக்கும் சப்மெர்சிபிளும் செய்கிற பம்ப் கம்பெனிக்காரர். அப்பா ஒற்றை லேத்தில் ஆரம்பித்தது. இவர் காலத்தில் சி.என்.சி. வந்திருக்கிறது. ஃபவுண்டரியிலிருந்து காஸ்டிங் வந்து இறங்கினால் ஒவ்வொன்றையும் ஸ்பேனரால் ஒரு தட்டுத் தட்டுவார். சத்தத்தை வைத்தே விரிசல் உண்டா இல்லையா என்று சொல்லிவிடுவார். காப்பர் ஒயரைக் கிராம் கணக்கில் நிறுத்துத்தான் வாங்குவார். ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குப் போனால் மாட்டின் பல்லைப் பார்ப்பார், சுழியைப் பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார், கடைசியில் வாங்காமலே திரும்பி வருவார்.

இப்பேர்ப்பட்ட மனிதர் வெப்சைட் வாங்குகிற அழகைத்தான் பார்க்க வேண்டும்.

ஆசை பெரும்பாலும் கொடிசியா கண்காட்சியில் பிறக்கிறது. ஸ்டாலுக்கு வந்த வடநாட்டு டீலர் விசிட்டிங் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வெப்சைட் இல்லையா?" என்று கேட்டிருப்பார். கார்டில் இருப்பது கம்பெனி பெயரோடு 1987 சேர்ந்த ஒரு ஜிமெயில் முகவரி. அதுகூடப் பரவாயில்லை. பக்கத்து ஸ்டாலில் நிற்கிற சொந்தப் பங்காளியின் கார்டில் டபிள்யூ டபிள்யூ டபிள்யூ என்று ஆரம்பிக்கிற ஒரு வரி இருந்துவிடுகிறது. அன்றைக்கு ராத்திரி அவருக்குச் சோறு இறங்குவதில்லை.

மறுநாள் காலையில் கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டு, "ஏனுங், நம்ம கம்பெனிக்கும் ஒரு வெப்சைட் போட்டுப்போடலாமுங்களா? என்னாகும்?" என்கிறார். எதற்கு என்ற கேள்வி அந்த அறையில் எழவே இல்லை.

இத்தனைக்கும், ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் காசு சேர்த்து வாங்கி, அக்கக்காகக் கழற்றிப் போட்டு வேலை கற்றுக்கொண்ட ஜி.டி. நாயுடுவின் ஊர் இது. கழற்றிப் பார்க்காமல் எதையும் நம்பாதவர்கள் கோயமுத்தூர்க்காரர்கள் என்று வெளியூரில் ஒரு பெயர் உண்டு. வெப்சைட்டில் ஸ்பேனரால் தட்டுவதற்கு ஒன்றும் இல்லாததால், அந்தப் பழக்கத்தை அவர் வாசலிலேயே செருப்போடு கழற்றி விட்டுவிடுகிறார்.

ஆள் தேடும் படலம் ஒறம்பரையில், அதாவது சொந்தபந்தத்தில், தொடங்குகிறது. மச்சினன் பையன் இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம். மெக்கானிக்கல்தான், ஆனால் எந்நேரமும் லேப்டாப்பும் கையுமாக இருப்பவன். அதுவே தகுதி. "நம்ம பையன், காசு கேக்கமாட்டான்" என்பது கூடுதல் தகுதி.

இரண்டாவது ஆள் காந்திபுரத்தில் பிளக்ஸ் அடிக்கிறவர். காதுகுத்துக்கும் கட்சி மாநாட்டுக்கும் அவர்தான் டிசைன். வெப்சைட்டும் பண்ணித் தருவதாகக் கண்ணாடிக் கதவில் எழுதியிருக்கிறார். அவர் முதலில் கேட்டது, எத்தனைக்கு எத்தனை சைஸ் என்று.

மூன்றாவது ஆள் சரவணம்பட்டியிலிருந்து டை கட்டிக்கொண்டு வந்தவர். "கூகுள்ல ஃபர்ஸ்ட் பேஜ், கியாரண்டி சார்" என்றார். முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் வழிகாட்டியில் எழுதி வைத்திருக்கிறது. ஆனால் டைக்காரர் அங்கேயே செய்து காட்டினார். போனில் கம்பெனிப் பெயரை முழுசாக டைப் அடித்து, முதல் ஆளாக வருவதைக் காட்டி, "பாருங்க சார்" என்றார். ஊர்ப் பெயரோடு கம்பெனியின் முழுப் பெயரையும் போட்டுத் தேடினால் வேறு யார்தான் வருவார்கள்? தன் பம்புக்கு வாரண்டி கார்டு அடிக்கும்போது, பில் தேதியிலிருந்து 12 மாதம், தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் செல்லாது, வோல்டேஜ் ஏறி இறங்கினால் செல்லாது, வேறு மெக்கானிக் கை வைத்தால் செல்லாது என்று எறும்பு எழுத்தில் போடுகிற மனிதர், இந்தக் கியாரண்டியை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பினார். கூகுள் மேப்பில் கம்பெனியைப் பதிவதற்கு அந்த டைக்காரர் தனியாக ஒரு தொகை போட்டிருந்தார். மேப்பில் பதிவது இலவசம். அதைச் சொல்ல அங்கே ஆளில்லை.

நாலாவதாக வந்தது வடவள்ளியில் வீட்டிலிருந்தே இந்த வேலை பார்க்கிற ஒரு பெண். பை நிறைய மாதிரிகள் ஏதும் கொண்டுவரவில்லை. ஒரு நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கேள்வி கேட்க ஆரம்பித்தாள்.

"உங்க பம்ப்பை யாருங்க சார் வாங்குறாங்க?"

"எல்லாருந்தானுங் அம்மிணி."

"டீலருங்களா, விவசாயிங்களா, அபார்ட்மென்ட் கட்டறவங்களா?"

"அதெல்லாம் எதுக்குங் உனக்கு? அஞ்சு பக்கத்துக்கு என்ன ரேட்டுன்னு சொல்லு."

அவள் விடவில்லை. ஆயிரம் அடி போரில் மோட்டார் எரிந்துபோய், ராத்திரி ஒன்பது மணிக்குப் போனில் தேடுகிற திருச்செங்கோட்டுப் போர்வெல் ரிக்காரருக்கு முதலில் என்ன காட்ட வேண்டும் என்று கேட்டாள். போட்டோ யார் எடுப்பது, என்கொயரி வந்தால் போனை எடுப்பது யார், விலை மாறினால் யார் திருத்துவது என்றாள். டொமைன் பெயரை உங்கள் பெயரில், உங்கள் ஈமெயிலில், உங்கள் கார்டில்தான் வாங்க வேண்டும், எனக்குப் பாஸ்வேர்டு கொடுத்தால் போதும் என்றாள். ஏற்கெனவே வேலை செய்து கொடுத்த மூன்று கம்பெனிகளின் நம்பரைக் கொடுத்து, கேட்டுப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். பாதிப் பணம் முன்னால், மீதி முடிந்த பிறகு, எல்லாம் ஒரு பக்கத் தாளில் கையெழுத்தாக.

அவள் போன பிறகு தீர்ப்பு வந்தது: "அந்தப் புள்ளைக்கு வேல தெரியாதாட்ட இருக்குதுங். எல்லாத்தையும் நம்மளையே கேக்குது."

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அதே நாள் மத்தியானம் அதே மேஜைக்கு முன்னால் பல்லடத்திலிருந்து ஒரு விவசாயி வந்து, "ஒரு மோட்டார் வேணுமுங்" என்று நிற்கிறார். கம்பெனிக்காரர் என்ன செய்கிறார்? போர் எத்தனை அடி, தண்ணி எத்தனை அடியில நிக்குது, எத்தனை இஞ்சு கேசிங், சிங்கிள் பேஸா த்ரீ பேஸா, சொட்டு நீரா வாய்க்கால் பாசனமா, போரிலிருந்து தோட்டத்துக் கடைசி எவ்வளவு தூரம், மேடா பள்ளமா? இத்தனையும் கேட்டுவிட்டுத்தான் கேட்லாக்கையே திறக்கிறார். கேட்காமல் எடுத்துக் கொடுக்கிறவனைப் பற்றி அவருக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. அது பத்திரிகையில் அச்சிடத் தகாதது. அந்தப் பெண் கேட்டது அவருடைய கேள்விகளையேதான். பம்புக்குப் பதிலாக வெப்சைட்டுக்குக் கேட்டுவிட்டாள்.

வேலை மச்சினன் பையனுக்கே போயிற்று.

இனிமேல் நடப்பதெல்லாம் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற மாதிரிதான். மேலே நடுவில் பிள்ளையார் சுழி. அதன்கீழ் மருதமலை முருகன். இடது பக்கம் மாலை போட்ட அப்பா. லோகோவைச் "சித்தெ பெருசு பண்ணு தம்பி" என்று ஐந்து தடவை சொல்லிச் சொல்லி, போனில் திறந்தால் லோகோவைத் தவிர எதுவும் தெரியாத நிலை வந்தது. பெயரியல் பார்க்கிறவர் ஆங்கிலத்தில் ஓர் 'ஏ'யைக் கூடுதலாகச் சேர்க்கச் சொன்னார். கூட்டுத்தொகை ஐந்து வந்தது, சரி. ஆனால் டீலர் யாரும் அந்த டொமைனைச் சரியாக டைப் அடித்ததில்லை. அவர்கள் அடிக்கிற சரியான ஸ்பெல்லிங் வேறு ஒருத்தருடையது. ராகு காலம் முடிந்த பிறகுதான் அப்லோடு என்றும் உத்தரவு. சர்வர் இருந்தது அமெரிக்காவில். அங்கே அப்போது என்ன காலம் என்று யாரும் பார்க்கவில்லை.

உலகின் பெரும் பணக்காரர்களில் ஒருவரான வாரன் பஃபெட்டின் பெர்க்‌ஷயர் ஹாத்வே கம்பெனி பல காலமாக வைத்திருந்த முகப்புப் பக்கத்தை இவருக்குக் காட்டினால் சிரிப்பார். வெள்ளைப் பின்னணி, நீலத்தில் கொஞ்சம் இணைப்புகள், படம் கிடையாது. ஆண்டறிக்கை வேண்டுமென்றால் ஒரு தட்டு, பங்குதாரர்களுக்கான கடிதம் வேண்டுமென்றால் ஒரு தட்டு. "இதை என்ற பேரனே பண்ணிருவானுங்" என்பார். பேரனிடமே கொடுத்திருக்கலாம்; திறக்க நேரமாவது ஆகியிருக்காது.

'எங்களைப் பற்றி' பக்கத்துக்கு வாசகம் வேண்டும். பையன் ராஜ்கோட்டில் இருக்கிற ஒரு பம்ப் கம்பெனியின் பக்கத்தை அப்படியே எடுத்துப் பெயரை மாற்றினான். நான்கு இடத்தில் மாற்றினான். ஐந்தாவது இடத்தில் ராஜ்கோட்காரர் இன்னும் முன்னணி உற்பத்தியாளராக இருக்கிறார். தொழிற்சாலைப் படமாகக் கண்ணாடிக் கட்டடம் ஒன்று. அதன்முன் மஞ்சள் ஹெல்மெட் போட்ட வெள்ளைக்காரர்கள் கைகுலுக்குகிறார்கள். தமிழ்ப் பக்கத்துக்குப் பழைய பிரவுச்சரின் கோரல் டிரா ஃபைலிலிருந்து எழுத்தை எடுத்து ஒட்டினான். பழைய எழுத்துரு, எல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வந்து விழுந்தது. 2010 ஜூனில் அதே கொடிசியா வளாகத்தில் செம்மொழி மாநாடு நடந்த நாட்களிலேயே தமிழக அரசு யூனிகோடை ஏற்றுக்கொண்டாயிற்று. பிரவுச்சர் அடிக்கிறவர்கள் பலருக்கு அந்தச் சேதி இன்னும் போய்ச் சேரவில்லை.

எல்லாவற்றையும் விட முக்கியமான சேதாரம் ஒன்று. பம்ப் வாங்குகிறவன் பார்ப்பது ஒரே ஒரு அட்டவணை: எத்தனை ஹெச்.பி., எத்தனை ஸ்டேஜ், எத்தனை மீட்டர் ஹெட்டில் நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் தள்ளும், ஐ.எஸ். 8034 முத்திரை உண்டா. அந்த அட்டவணையைப் பிரவுச்சரிலிருந்து போனில் படம் பிடித்து, சற்றுச் சாய்வாக, ஓரத்தில் கட்டைவிரல் நகத்தோடு ஏற்றியிருந்தான் பையன். விரலால் இழுத்துப் பெரிசு பண்ணினால் 3 எது 8 எது என்று தெரியவில்லை. கம்பெனிக்காரர் அதைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. பின்னணி நிறம் இன்னும் கொஞ்சம் சிவப்பாக இருந்தால் லட்சுமிகரமாக இருக்கும் என்றார்.

நிறத்தைவிட வேகம் முக்கியம் என்று சொல்லத் தோன்றுகிறது, ஆனால் யார் கேட்கிறார்கள்? 2000-களில் வெப்சைட் போட்ட மூத்த தலைமுறைக்காரர் சிலரிடம் ஃபிளாஷில் செய்த முகப்பு இருந்தது: பம்ப் ஒன்று சுற்றும், தண்ணீர் பீய்ச்சும், விநாயகர் பாட்டுப் பாடும். 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு அடோபி ஃபிளாஷுக்கு மூடுவிழா நடத்தியது. ஜனவரி நடுவில் அந்தப் படங்கள் ஓடுவதே நின்றது. "பம்ப் சுத்தமாட்டேங்குதுங், காயில் போயிருச்சாட்ட இருக்குது" என்று ஒருவர் சொன்னால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

பணம் கொடுக்கும் கட்டத்தில் ஒறம்பரை முறை குறுக்கே வந்தது. பையனுக்கு ஒரு போன் வாங்கிக் கொடுத்தாயிற்று, பில் இல்லை, தாள் இல்லை. இதில் ஒரு சட்டச் சங்கதி இருக்கிறது. 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பளத்துக்கு வேலை பார்க்காத வெளியாள் எழுதிக் கொடுத்த புரோகிராமுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எழுதியவரே முதல் உரிமையாளர். காசு கொடுத்ததனால் மட்டும் அது வாங்கியவருக்கு மாறிவிடாது. கையெழுத்துப் போட்ட எழுத்துமூல ஒப்படைப்பு வேண்டும். அதிலும் எத்தனை வருஷம் என்று எழுதாவிட்டால் ஐந்து வருஷம்தான். எந்த நாடு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். கென்யாவுக்கு ஏற்றுமதி பண்ண ஆசைப்படுகிறவர்கள் அந்த ஒரு பக்கத் தாளை இளக்காரமாகப் பார்க்காமல் இருப்பது நல்லது. வடவள்ளிப் பெண் நீட்டியது அதைத்தான்.

இரண்டு வருஷம் எல்லாம் சௌக்கியம். கார்டில் டபிள்யூ டபிள்யூ டபிள்யூ வந்துவிட்டது, பங்காளிக்கும் தகவல் போய்ச் சேர்ந்துவிட்டது. பிறகு மச்சினன் பையன் மேல்படிப்புக்கு ஜெர்மனி போனான். டொமைன் இருந்தது அவனுடைய கல்லூரி ஈமெயிலில், ஓ.டி.பி. போனது அவன் விட்டுவிட்டுப் போன பழைய நம்பருக்கு. புதுப்பிக்கச் சொல்லி வந்த கடிதங்களையெல்லாம் அந்தப் பெட்டி மௌனமாக வாங்கிக்கொண்டது. டாட் காம் பெயர் காலாவதியானால் உடனே பறிபோவதில்லை. ரெஜிஸ்ட்ரார் கொஞ்ச நாள் பொறுப்பார். அவர் நீக்கிய பிறகும் 30 நாள் அபராதத்தோடு மீட்கலாம். அப்புறம் ஐந்து நாள், அதன்பின் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். எடுத்துக்கொண்டார்கள். நாசிக் டீலர் ஒருவர் போன் பண்ணி, "நீங்கள் ரம்மி கம்பெனியும் நடத்துகிறீர்களா?" என்று கேட்ட பிறகுதான் கணபதியில் விஷயம் தெரிந்தது.

அதற்காக மனம் தளர்கிற ஆளில்லை. இப்போது புதிதாக ஒன்று போட ஆள் பார்த்துக்கொண்டிருக்கிறார். பெரியப்பா பேத்தி ஒருத்தி கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்திருக்கிறாளாம்.

இதைப் படிக்கிற கம்பெனிக்காரர்கள் ஒரே ஒரு காரியம் செய்யலாம். உங்கள் டொமைன் யார் பெயரில், யார் ஈமெயிலில் இருக்கிறது, எந்தத் தேதியில் காலாவதியாகிறது என்று இன்றைக்குச் சாயங்காலமே கேட்டுவிடுங்கள். "தம்பிகிட்டக் கேட்டுச் சொல்றேனுங்" என்று பதில் வந்தால், தம்பிக்கு விசா வருவதற்குள் அதை உங்கள் பெயருக்கு மாற்றி வாங்கிக்கொள்ளுங்கள்.