நண்டைக் கடி மோனை, கூழை உறிஞ்சு

மோனை, காலமை துவக்கம் திண்ணையில இருந்து அந்த அகராதியோட மாரடிக்கிறாய். 'தேர்டீன், தேர்டீன்' எண்டு நீ கத்துற கத்தில கோழியெல்லாம் வேலிக்கு அங்கால போட்டுது. மானிப்பாயில ஐ.ஈ.எல்.ரி.எஸ். வகுப்புக்குக் காசு கட்டின கொப்பருக்கு இது தெரியுமோ?

'டீன்' எண்ட இடத்துக்கு முன்னால கோடு போட்டிருக்கு, அதில அழுத்தவேணும் எண்டுறாய். சரி. ஆனால் ஒரு லண்டன்காரன் 'தேர்டீன் இயர்ஸ்' எண்டு சொல்லேக்க காதைக் குடுத்துப் பார். பாரம் முன்னுக்குத் தாவி 'தேர்'ல குந்தியிருக்கும். பின்னால 'இயர்ஸ்' எண்டு இன்னொரு பாரம் வருகுதெல்லே, ரெண்டும் ஒட்டிக்கொண்டு நிக்க அவங்களுக்குப் பிடியாது. கொம்மான் ஹீத்ரோவில இறங்கி ஏறுற பிக்கடிலி ரயிலைப் பார். 'பிக்கடிலி'யைத் தனியச் சொன்னால் 'டி'யில அழுத்தம். 'பிக்கடிலி சர்க்கஸ்' எண்டால் 'பி'க்கு ஓடிவந்திடும். அகராதி சொல்லைத் தனிய நிப்பாட்டி வைச்சுக் கோடு போடுது. வாயில வரேக்க அது கூட்டத்தோடயெல்லோ வருகுது.

எங்கட சங்கடம் வேறை. தொல்காப்பியர் எழுத்துக்கு நேரம் அளந்தவர்: குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு ரெண்டு, மெய்க்கு அரை. நாங்களும் ஒவ்வொரு எழுத்துக்கும் உரிய பங்கைக் குடுத்துத்தான் பழக்கம். வெள்ளைக்காரனிட்டை அந்த நியாயம் கிடையாது. ஒடியல் கூழ் குடிக்கிற மாதிரி, நண்டைக் கடிப்பான், மிச்சத்தை ஒரே உறிஞ்சு. 'வெஜிடபிள்' எண்டு நீ துண்டு துண்டாப் பரிமாறுறாய். அவன் 'வெ'யைக் கடிச்சுப்போட்டு 'ஜ்டபிள்' எண்டு விழுங்கிப்போடுவான். அழுத்தம் விழாத உயிரெழுத்துக் கனக்க 'அ'வுமில்லாமல் 'எ'வுமில்லாமல் ஒரு மழுங்கல் சத்தமாப் போயிடும். நீயோ பயித்தங்காயையும் பலாக்கொட்டையையும் எண்ணி எண்ணிச் சப்பிறாய். பரீட்சைக்காரன் அதுக்குள்ள நித்திரையாகிப் போவான்.

அவங்கள் எங்கட வாய்க்கு எவ்வளவு மரியாதை தந்தவங்கள் எண்டு தெரியுமோ? 1816இல அமெரிக்க மிஷன்காரர் யாழ்ப்பாணத்துக்கு வந்தவை. 1823இல உந்தா, உந்த வட்டுக்கோட்டையில செமினரி துவங்கினவை. அவையின்ரை எழுத்தில வட்டுக்கோட்டை 'பட்டிக்கோட்டா', தெல்லிப்பழை 'தில்லிப்பள்ளி', உடுவில் 'ஊடூவில்'. ஆரும் அவைக்குப் புள்ளி குறைச்சவையோ? எங்கட சண்டிலிப்பாய் அவையின்ரை வாயில என்ன பாடுபட்டுதோ, கல்வளைப் பிள்ளையாருக்குத்தான் வெளிச்சம்.

அதுக்காக அகராதிக்காரரைத் திட்டாதை. டானியல் ஜோன்ஸ் எண்டவர் 1917இல உச்சரிப்பு அகராதி போடேக்க, தன்ரை காதில விழுந்ததைத்தான் எழுதினவர். விழுந்தது ஆரின்ரை பேச்சு எண்டு கேக்கிறாயோ? தென் இங்கிலாந்தில காசுக்காரப் பிள்ளையள் தங்கிப் படிக்கிற பள்ளிக்கூடத்து ஆக்களின்ரை. பிறகு 1990இல லோங்மன் உச்சரிப்பு அகராதி போட்ட ஜோன் வெல்ஸ் தபாலில கேள்வி அனுப்பி, 'நீங்கள் எப்பிடிச் சொல்லுறனியள்' எண்டு சனத்திட்டையே கேட்டவர். ஏனெண்டால் 'கொன்ட்ரொவேர்சி'யில சிலர் 'கொ'வை அழுத்துகினம், சிலர் 'ட்ரொ'வை. 'கிலோமீற்ற'ருக்கும் அதே இழுபறி. 'லபொரட்டரி'யை லண்டன்காரன் 'பொ'வில குத்த, அமெரிக்கன் 'ல'வில குத்துவான். தங்கட வேலிச் சண்டை தீரேல்லை, உனக்குப் புள்ளி போட வெளிக்கிட்டினம்!

ஆனால் ஒண்டு, கண்டதையும் விழுங்கப் பழகிப்போடாதை. குரொய்டனில கொஞ்சக் காலம் இருந்திட்டு வந்த பொடியன் ஒருத்தன் நண்டையும் சேத்து விழுங்கிறான். சந்திக் கடையில சீனி கேட்டவனுக்கு கடைக்காரர் சவுக்காரம் கட்டிக் குடுத்தவர். பேச்சுப் பரீட்சையில உச்சரிப்புக்குக் காற்பங்குப் புள்ளி. லண்டனில பிறந்தவன் எண்டு நடிச்சதுக்கு இல்லை அது, சொன்னது விளங்கினதுக்கு. பாரத்தை எங்க வைக்கிறாய் எண்டதைக் கவனி. மிச்சத்துக்குக் கனக்க மினக்கெடாதை.

இப்ப அந்தப் புத்தகத்தை மூடு. 'தேர்டீன் இயர்ஸ்' எண்டு சொல்லிக்கொண்டே போய் ஆட்டுக்கு ரெண்டு பூவரசங்குழை ஒடிச்சுக்கொண்டு வா. அழுத்தத்தை எங்க போட்டாலும் ஆடு தின்னும்.